பதினான்காம் எண்

ஞாயிற்றுக்கிழமையும் அவற்றுக்குப் பசிக்கும்.
துர்க்கு நகரம் போர்வைக்குள் கிடக்கிறது.
ஔரா ஆறு ஓரங்களில் உறைந்து, நடுவில் கறுப்பு.
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு படகில் ஏறுகிறேன்.
அக்கரைக்கு ஒன்றரை நிமிடம், கட்டணமில்லை.
தடுப்புக் கம்பியைத் தூக்குபவர் தலையசைக்கிறார்.
நானும்.
பதினொரு வருடமாக எங்களுக்குள் அவ்வளவுதான்.
எங்கள் ஊரில் அது நல்ல பழக்கம்.

இன்குபேட்டர் கதவைத் திறந்தால்
முப்பத்தேழு பாகை.
ஓர் உடம்பின் சூடு,
உடம்பு இல்லாமல்.

பழைய திரவத்தை உறிஞ்சிவிட்டுப்
புதியதை விடுகிறேன், தட்டின் ஓரமாக, மெதுவாக.
அவசரப்பட்டால் எல்லாம் பெயர்ந்து மிதக்கும்,
மூன்று மாத வேலை அரை நொடியில்.
முதல் வருடம் இரண்டு முறை நடந்தது.
முதல் முறை கழிப்பறையில் போய் அழுதேன்.
இரண்டாம் முறை தட்டைக் கழுவினேன்.

பதினான்காம் எண்:
யாரோ ஒருவர் முழங்கைக்குக் கீழிருந்து
அரிசி அளவு தோல் கொடுத்திருக்கிறார்.
நோயின் பெயர் கோப்பில் இருக்கிறது, ஆளின் பெயர் இல்லை.
அந்தத் தோலை அதன் கருக்காலத்துக்குத் திருப்பி அனுப்பி,
வளர்ந்து வரும்போது வழிமறித்து,
வேறு தொழில் சொல்லிக்கொடுத்தோம்.

லென்சுக்கு அடியில் அது வளர்வது
இருட்டறையில் சுவிட்சைத் தேடும் கை மாதிரி.
நுனியில் ஐந்தாறு விரல் விரியும்,
தொடும், கூசும், பின்வாங்கும்,
இன்னொன்றில் முட்டி
அங்கேயே நின்றுவிடும்,
பேச ஆள் கிடைத்ததுபோல.

நான் எதிர்பார்த்தது குறைவை.
நோய் என்றால் ஏதோ குறைவு என்று
நிதி விண்ணப்பத்தில் ஏழு இடங்களில் எழுதியிருக்கிறேன்.
பதினான்கில் கிளைகள் அதிகம்.
லேபிளை மறைத்துவிட்டு
ஏலிஸை எண்ணச் சொன்னேன். அவனுக்கும் அதிகம்.
ஒரே ஆள், ஆறு தட்டு.
இதை வைத்து எதுவும் சொல்லக் கூடாது.
சொல்லவில்லை.
தூங்கவும் இல்லை.

ஒப்புதல் படிவத்தில் அப்படி ஒரு கட்டமே கிடையாது.
ஓரத்தில் பேனாவால் தானே ஒன்று வரைந்து
‘பார்க்க வேண்டும்’ என்று எழுதி, டிக் அடித்திருந்தாராம்.
மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள்.
புதன்கிழமை மூன்று மணிக்கு வந்தார்,
தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு.
படகுக்காரர்.
இல்மோ ரந்தசலோ என்றார்.
எனக்குத் தெரியாது என்பதை
அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

குனிந்து வெகுநேரம் பார்த்தார்.
“இதுகளுக்கும் குரல் கேட்குமா?”
காது இல்லையே, என்றேன்.
“எனக்கும் அது காதால் கேட்கவில்லை.”

குளிர்பெட்டி ஒன்று உறுமி அடங்கியது.
பதினேழு கட்டுரை எழுதியவள்
மேசையில் கிடந்த கையுறைப் பெட்டியை நேராக்கினேன்.

மறுபடி குனிந்தார்.
“நெரிசல்” என்றார்.
“கோடையில், வெள்ளிக்கிழமை சாயங்காலம்,
எல்லோரும் ஒரே நேரத்தில் ஏறுவார்கள். அந்த மாதிரி.”
எண்ணிக்கையை நான் சொல்லியிருக்கவில்லை.
கண்டுபிடிப்பு அல்ல அது, ஒரு மனிதரின் உவமை.
பெருக்கினால் வராது, வகுத்தால் வராது.
நோட்டுப் புத்தகத்தில்
பென்சிலால் குறித்துவைத்தேன்.

இன்று வேலை முடிந்து இருட்டில் திரும்புகிறேன்.
மூன்றரை மணிக்கே இருட்டு.
படகில் நானும், தூங்கும் குழந்தையோடு ஒரு தகப்பனும்.
கம்பி இறங்குகிறது. பனிக்கட்டி அடியில் நொறுங்குகிறது.
தலையசைப்பார் என்று நினைத்தேன்.

“சாப்பிட்டதா?” என்றார்,
ஆற்றைப் பார்த்தபடி.

சாப்பிட்டது, என்றேன்.
அடுத்தது செவ்வாய்க்கிழமை.

“சைக்கிளுக்கு விளக்கு போடுங்கள்” என்றார்.